இராகு காலத்தில் பார்த்த வீடு

அத்தியாயம் ஒன்பது

ஊரில் வீட்டை விற்ற காசோடு கொழும்புக்கு வருகிறவர்களைக் கண்டால் இந்த நகரத்துக்கு எச்சில் ஊறும். சும்மா சொல்லவில்லை. கோண்டாவில் வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, இரத்தினசிங்கம் குடும்பம் தெஹிவளையில் வந்து இறங்கிய நாளிலிருந்து அவர் கைத்தொலைபேசி ஓயவே இல்லை. அண்ணை, ஐயா, சேர் என்று எத்தனை பாசம்! பெற்ற பிள்ளைகூட அவ்வளவு அன்பாகக் கூப்பிட்டதில்லை.

மருமகள் சுபோதினிக்கு வங்கியின் தலைமை அலுவலகத்தில் பதவி உயர்வு. மகன் லவனுக்கும் கொழும்பில்தான் வேலை. பேத்திக்குப் பள்ளிக்கூடம் பார்த்தாயிற்று. ஓய்வுபெற்ற தபாலதிபர் இரத்தினசிங்கமும் மனைவி பத்மாவதியும் ஊரில் தனியாக இருந்து என்ன செய்வது? அதனால்தான் எல்லோருமாகப் புறப்பட்டார்கள். இப்போது பத்மாவதியின் தம்பி குகதாசன் வீட்டில் இரண்டு அறைகளில் ஒடுங்கிக் கிடக்கிறார்கள்.

திரும்பிப் போக வீடு இல்லை. கையில் உள்ளதைக் கொண்டு வாங்கக்கூடியதும் ஒரே ஒரு வீடுதான். அது பிழையாகப் போனால் போனதுதான்.

போன வாரம் அந்த ஒரு வீட்டை இரத்தினசிங்கம் முடிவு செய்தார். வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடியின் நாலாம் மாடி. முடிவு செய்தார் என்றால் அவர் ஒருவர்தான் செய்தார். லவன் வழக்கம்போல “அப்பா சொல்லுறதிலயும் நியாயம் இருக்கு” என்றான். வீட்டுக்காரர் கனடாவில், அவருக்காக எல்லாவற்றையும் புரோக்கர் யோகராஜ் பார்த்துக்கொள்வார் என்று ஏற்பாடு. வியாழக்கிழமை பின்னேரம் நாலேகாலுக்கு, அந்த வீட்டிலேயே வைத்து முற்பணம். நேரம் குறித்ததும் இரத்தினசிங்கம்தான். பஞ்சாங்கம் அவர் கையை விட்டு இறங்குவதில்லை.

அந்த வியாழன் யோகராஜோடுதான் விடிந்தது.

காலைத் தேநீருக்கே வந்துவிட்டார். வெள்ளைச் சேர்ட், நெற்றியில் திருநீறு, சந்தனம், சட்டைப்பையில் இரண்டு கைத்தொலைபேசிகள். கதிரையில் சாய்ந்து முதல் மிடறைக் குடிப்பதற்குள் ஒன்று அடித்தது.

“ஹலோ... ஓம், ஓம், வெள்ளவத்தையில வீடு இருக்கு. நீங்கள் யாழ்ப்பாணத்தில எவடம்?” கேட்டுக்கொண்டே பிஸ்கற்றைத் தேநீரில் தோய்த்தார். “அதில எந்தப் பக்கம்?... எந்தக் கோயிலடி?... ஆ. அந்த ஆசிரியர் உங்களுக்கு என்ன முறை?... அப்பிடியோ.”

பிஸ்கற் வாய்க்குள் போனது.

“அச்சோ தம்பி, அந்த வீடு நேற்றுத்தானே முடிஞ்சுது! வேற ஒண்டு வந்தால் கட்டாயம் கோல் எடுக்கிறன்.”

வைத்துவிட்டு வாயைத் துடைத்தார். “பாத்தியளோ ஐயா? காசு மட்டும் இருந்தால் காணுமோ? இந்தத் தொடர்மாடியில கீழ இருந்து மேல வரைக்கும் எங்கட ஆக்கள். ஒரு வீடு பிழையான கைக்குப் போனால் முழுக் கட்டடத்துக்கும் மரியாதை இல்லை.”

இரத்தினசிங்கம் நிறைவாகச் சிரித்தார். குகதாசனும் சிரித்தார். “அத்தான், யோகராஜ் இந்த விசயத்தில வலு கவனம். அதாலதான் நான் இவரைப் பிடிச்சுத் தந்தனான்.”

வேலைக்குப் போக வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்ற சுபோதினி பாதியில் நிமிர்ந்து பார்த்தாள். கோயிலைக் கேட்டு ஆளின் சாதியை அளக்கும் இந்த வித்தை அவளுக்குப் புதிதல்ல. அவளுடைய கலியாணத்துக்கு முதலும் இதே கேள்விகள், இதே வரிசையில் வந்தவைதான். ஆனால் பிஸ்கற் தின்றுகொண்டே ஒரு குடும்பத்தை வாசலில் நிறுத்தித் திருப்பியனுப்பியதை இப்போதுதான் நேரில் பார்த்தாள்.

“வீடு தரமாட்டம் எண்டு அந்த ஆளுக்கு நேராச் சொல்லியிருக்கலாமே அண்ணை. ஏன் பொய்?”

“சீச்சீ, பிள்ளை. ஆற்ற மனதையும் நோகப் பண்ணக்கூடாது,” என்றார் யோகராஜ்.

பத்மாவதி தேநீர்க் கோப்பைகளை அடுக்கியபடி தன்பாட்டில் சொன்னாள். “மூண்டு தரம் போயும் நான் அந்தக் குசினியில ஒரு பைப்பைத் திறந்து பாக்கேல்லை.”

“நல்ல நேரம் முடியப்போகுதெண்டு சொன்னன்தானே!” இரத்தினசிங்கத்தின் குரல் சட்டென்று ஏறியது. “நல்ல காரியத்துக்குப் போய் நிண்டுகொண்டு பைப்பு, கக்கூசு எண்டு ஆராயிறதே?”

“அக்கா, பைப்பில தண்ணிதானே வரும், பாலே வரப்போகுது?” என்றார் குகதாசன். எல்லோரும் சிரித்தார்கள். பத்மாவதி சிரிக்கவில்லை.

அதைச் சுபோதினி கவனித்தாள். வங்கிக்குப் போய் அரை நாள் விடுமுறை எழுதினாள். ஒரு மணிபோல மாமியாருக்கு அழைத்தாள்.

“மாமி, மாக்கெற்றுக்குப் போறன் எண்டு சொல்லிப்போட்டு வெள்ளவத்தைக்கு வாங்கோ. ஷெரோமி வந்திருக்கிறா.”

ஷெரோமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொட்டாஞ்சேனைக்காரி. சுபோதினியோடு வேலை செய்யும் டிலக்ஷிதான் அறிமுகப்படுத்தினாள். வெளியூர்களிலிருந்து கொழும்புக்கு மாறி வருகிற குடும்பங்களுக்கு வீடு தேடிக் கொடுப்பது ஷெரோமியின் தொழில். வாங்குகிறவரிடம் மட்டும் கூலி எடுப்பாள், விற்கிறவரின் பக்கம் கை நீட்டமாட்டாள். இரண்டு பக்கமும் நக்குவதையே திறமை என்று நினைக்கும் இந்தத் தொழிலில் அது ஒரு அதிசயம்.

ஒருமுறை தெஹிவளை வீட்டுக்கும் வந்தாள். கொட்டாஞ்சேனையில் ஒரு வீடு இருக்கிறது, தண்ணீர் தாராளம், பஸ் தரிப்பிடம் பக்கம், உறுதிப் பத்திரம் சுத்தம் என்று தொடங்கினாள். “கொட்டாஞ்சேனையோ? எல்லாச் சாதியும் கலந்து கிடக்கிற இடமெல்லோ,” என்றார் இரத்தினசிங்கம். செருப்பில்லாத காலால் எதையோ மிதித்தவர் போல முகம் போனது. அதற்குப் பிறகு அவளை ஒரு வசனம் முடிக்க விடவில்லை. தேநீர்கூடக் கொடுக்கச் சொல்லவில்லை. பத்மாவதிக்கு அன்று வெட்கமாக இருந்தது, இருந்தும் பேசாமல் இருந்துவிட்டாள்.

இன்று அந்தப் பெண் அதையெல்லாம் முகத்தில் காட்டாமல், சந்தைக்கு முன்னால் தேநீர்க்கடையில் மூன்று நெஸ்கபே சொல்லிவிட்டுக் காத்திருந்தாள்.

“அன்ரி, அந்த வீட்ட எத்தன மணிக்கு எல்லாம் போய்ப் பாத்தீங்க?”

“ஒருக்காக் காலமை பத்தரை போல. மற்ற ரெண்டு தரமும்... இவர் பஞ்சாங்கம் பாத்துத்தான் கூட்டிக்கொண்டு போனவர். எல்லாம் நல்ல நேரந்தான்.”

“அதுதான் பிரச்சினை.” ஷெரோமி கோப்பையைத் தள்ளி வைத்தாள். “வெளியூர்ல இருந்து வாறவங்களுக்கு இந்த ஊர் தெரியாது. எந்த ஒழுங்கையில மழைக்குத் தண்ணி நிக்கும், எந்தக் கட்டடத்தில தண்ணி மேல ஏறாது, ஒண்ணுமே தெரியாது. அதச் சொல்லத்தான் நான் இருக்கேன். நான் ஒரு வீட்ட மூணு தரம் காட்டுவேன். காலையில ஒருக்கா, மழை பெய்யிறப்ப ஒருக்கா. மூணாவது, புரோக்கர் வரவேணாம்ன்னு சொல்ற நேரத்தில.”

“யோகராஜ் அப்பிடி ஒண்டும் சொல்லேல்லையே.”

“சொல்லத் தேவையில்ல அன்ரி. உங்க ஆக்கள் எந்த நேரம் வீடு பாக்க வரமாட்டாங்கன்னு அவருக்குத் தெரியும்தானே. இராகு காலத்தில ஒருத்தரும் வரமாட்டீங்க. அந்த நேரத்தில அங்க என்ன நடந்தாலும் உங்களுக்குத் தெரியாது.”

சுபோதினி நேரத்தைப் பார்த்தாள். வியாழக்கிழமை. ஒன்றரைக்குத் தொடங்கும், மூன்றுக்கு முடியும்.

“இன்னொண்ணு,” என்றாள் ஷெரோமி. “நேத்து மாநகர சபையில விசாரிச்சேன். அந்தக் கட்டடத்துக்கு நாலு மாடிக்குத்தான் அனுமதி. போய் எண்ணிப் பாருங்க, ஏழு இருக்கு. குடியிருக்கலாம்ன்னு குடுக்கிற சான்று இன்னும் எடுக்கவேயில்ல. இத நான் அன்னைக்கே விசாரிச்சிருப்பேன். அங்கிள் பேச விடல்ல.”

பத்மாவதி சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். “இராகு காலத்தில நல்ல காரியத்துக்குப் போகக்கூடாது பிள்ளை.”

“நல்லதுக்குப் போகல்ல அன்ரி. கெட்டது இருக்கான்னு பாக்கத்தானே போறோம்.”

பத்மாவதி விரலில் சுற்றியிருந்த தலைப்பை விட்டாள். பிறகு எழுந்துவிட்டாள்.

ஒழுங்கையின் முகப்பிலேயே ஓட்டோக்காரர் மூக்கைச் சுளித்தார். “இதுக்கு மேல உள்ளுக்குப் போகமாட்டேன் மிஸ், இங்கேயே இறங்குங்க.”

இறங்கியதும் நாற்றம் முகத்தில் அறைந்தது.

கடற்கரை ஒழுங்கைகளில் உப்புக் காற்றும் மீன் வாடையும் இருக்கும். இது அது அல்ல. இது மனிதக் கழிவின் நாற்றம். வெயிலில் வெந்து, தொண்டைக்குள் இறங்கி, நாக்கில் ஒட்டிக்கொள்ளும் நாற்றம். மூன்று பேரும் மூக்கைப் பொத்தினார்கள். பத்மாவதிக்கு ஓங்காளித்தது.

தொடர்மாடியின் பின்புறத்தில் ஒரு மோட்டர் உறுமிக்கொண்டிருந்தது. மலக்குழியின் மூடி திறந்து கிடந்தது. உள்ளேயிருந்து வந்த தடித்த குழாய் மதிலோரமாக நெளிந்து போய், மழைத் தண்ணீர் ஓடும் தெருக் கானுக்குள் கக்கிக்கொண்டிருந்தது. என்ன கக்கியது என்று எழுத எனக்கு விருப்பமில்லை. கான் நேராகக் கடலுக்குப் போகிறது. அந்தக் கடலைத்தான் பல்கனியில் நின்று பார்க்கலாம் என்று யோகராஜ் மூன்று தரம் சொல்லியிருந்தார்.

காவலுக்கு இருந்த வாச்சர் ஓடிவந்தார். “இப்ப ஏலாது, ஏலாது! பின்னேரம் வாங்க!”

“அய்யே, பொட்டக் பலலா யன்னம்,” என்று ஷெரோமி சிங்களத்தில் குழைந்தாள். கொஞ்சம் பார்த்துவிட்டுப் போய்விடுகிறோம் என்கிறாள். “நாலாம் மாடிய வாங்கப்போற குடும்பம். மூணு தரம் வந்தவங்கதானே, முகம் தெரியல்லையா?”

வாச்சருக்குத் தெரிந்தது. தயங்கித் தயங்கிச் சாவியைக் கொடுத்தார். அவருடைய சிறிய அறையின் சுவரில் நாள் கலண்டர் ஒன்று தொங்கியது. நல்ல நேரம், இராகு காலம் எல்லாம் அச்சடித்த தமிழ்க் கலண்டர்.

நாலாம் மாடி வீடு மற்ற நாட்களைப் போலவே பளபளத்தது. வெள்ளைத் தரை, புதுப் பெயின்ற், ஜன்னலில் கடல். பத்மாவதி நேராகக் குசினிக்குப் போய்ப் பைப்பைத் திறந்தாள். அது இருமியது. சிறிது காற்று, ஒரு துளி மஞ்சள் தண்ணீர், பிறகு ஒன்றுமில்லை. தொட்டியின் துவாரத்துக்குள்ளிருந்து குமிழி வெடிக்கும் சத்தம் மட்டும் வந்தது.

“மாமி, இஞ்ச வராதேங்கோ,” என்று சுபோதினி குளியலறையிலிருந்து கத்தினாள்.

பத்மாவதி போனாள். தரையிலிருந்த துவாரத்தின் வழியாகக் கறுப்புத் தண்ணீர் பொங்கி ஏறிக்கொண்டிருந்தது. அதில் மிதந்தவை இந்த வீட்டு ஆட்களுடையவை அல்ல, இந்த வீட்டில் ஆட்களே இல்லை. மேலேயுள்ளவர்கள் விட்டது கீழே போகாமல் இங்கே அடைபட்டு எழும்புகிறது. மூலையில் கரப்பான்பூச்சிகள் சுவரேறித் தப்பிக்கொண்டிருந்தன.

“இதுக்குள்ளயே என்ர பேத்தி குளிக்கிறது?” என்றாள் பத்மாவதி. யாரிடம் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. கைலேஞ்சியால் மூக்கைப் பொத்தியபடி ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். “ஐயோ, கதவை மூடுங்கோ! இந்த நேரத்தில ஏன் திறந்தனியள்?”

“ஒவ்வொரு நாளும் இப்பிடியோ?” என்று சுபோதினி கேட்டாள்.

“வேறென்ன? நாலு மாடிக்கு வெட்டின குழி, ஏழு மாடிக்குத் தாங்குமே? ஒவ்வொரு நாளும் இறைக்கவேணும். கலண்டரைப் பாத்து இராகு காலத்திலதான் மோட்டர் போடுவினம். அந்த நேரம் வீடு பாக்க ஒருத்தரும் வரமாட்டினம் எண்டு.”

“தெரிஞ்சுகொண்டும் நீங்கள் ஒருத்தரும் முறைப்பாடு குடுக்கேல்லையோ?”

அந்தப் பெண் இரண்டு பக்கமும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். “நாங்களும் இப்பிடித்தான் வாங்கி ஏமாந்தனாங்கள். இப்ப முறைப்பாடு குடுத்தால் எங்கட வீட்டை ஆர் வாங்குவினம்? நாங்களும் வித்துப்போட்டுப் போகவேணும்தானே. ஊரில இருந்து ஆக்கள் வந்துகொண்டுதான் இருக்கினம். தயவு செய்து வெளியில சொல்லிப்போடாதேங்கோ.”

கதவைச் சாத்தினாள். உள்ளே பூட்டுப் போடும் சத்தமும் கேட்டது.

சுபோதினிக்குக் கறுப்புத் தண்ணீரைப் பார்த்தபோது வந்த அருவருப்பு ஒன்றுமே இல்லை என்று பட்டது. ஏழு மாடியும் எங்கட ஆக்கள். ஏழு மாடியும் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஊரிலிருந்து வரப்போகும் அடுத்த ஏமாளிக்காகக் காத்துக்கொண்டு இருக்கிறார்கள். காலையில் யோகராஜ் திருப்பியனுப்பிய அந்த முகம் தெரியாத மனிதனுக்குத்தான் அதிர்ஷ்டம் என்று நினைத்தாள்.

படியால் இறங்கி வந்தபோது வாச்சர் பதற்றத்தோடு தொலைபேசியில் இருந்தார். மோட்டர் இரைச்சலில் கேட்காது என்று ஒலிபெருக்கியில் போட்டிருந்தார்.

“ஐயா, நாலாம் மாடி பாக்க ஆக்கள் வந்து மேல போனவங்க...”

“ஆர் வந்தது? இராகு காலத்திலயோ? உனக்கென்ன விசரே? எங்கட ஆக்கள் இந்த நேரத்தில வரமாட்டினம்! ஆரோ பிறத்தி ஆக்கள் நுழைஞ்சிருக்கினம், கலைச்சுவிடு.”

பத்மாவதி கடைசிப் படியில் நின்றுவிட்டாள்.

“நாலேகாலுக்கு அத்தானாக்கள் காசோட வருவினம். அதுக்கு முதல் மோட்டரை நிப்பாட்டிப்போட்டு, பாத்ரூமைக் கழுவி, மருந்து ஊத்தி, ஊதுபத்தி கொளுத்தி வை. விளங்குதோ?”

அது குகதாசனின் குரல். கனடாவிலிருந்து வரவில்லை. தெஹிவளையிலிருந்து, இன்று காலையில் அவள் தேநீர் ஊற்றிக் கொடுத்த அதே விறாந்தையிலிருந்து வந்தது.

பத்மாவதி கையை நீட்டினாள். வாச்சர் ஏனென்று தெரியாமலே தொலைபேசியைக் கொடுத்துவிட்டார்.

“தம்பி, நான் அக்கா கதைக்கிறன்.”

மறுபக்கத்தில் கதிரை ஒன்று இழுபட்டது. இந்தப் பக்கம் மோட்டர் உறுமியது.

“இது உன்ர வீடோ?”

“அக்கா... நீங்கள் இந்த நேரத்தில அங்க...”

“நேரத்தை விடு. உன்ர வீடோ?”

“கோவிக்காதேங்கோ அக்கா. என்ர காசும் இதுக்குள்ள மாட்டுப்பட்டுப் போச்சு. வெளியாளுக்கு விக்க முடியேல்லை.” குரல் சற்றுத் தெம்பாகியது. “ஒளிச்சு ஒண்டும் செய்யேல்லை. அத்தானுக்கு எல்லாம் தெரியும். போன கிழமை இராகு காலமெண்டும் பாக்காமல் என்னோட தனிய வந்து, மோட்டர் ஓடேக்கை நிண்டு பாத்தவர். ‘கீழ நாறினால் என்ன மச்சான், சுத்திவர இருக்கிறது எங்கட ஆக்கள்தானே, கொட்டாஞ்சேனைக்குப் போறதிலும் பாக்க இது மேல்’ எண்டு அவர்தான் சொன்னவர். உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டதும் அவர்தான்.”

சுபோதினி மாமியாரின் முழங்கையைப் பிடித்தாள். விழுந்துவிடுவாளோ என்று பயம். ஷெரோமி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். கொட்டாஞ்சேனை என்ற சொல் அவள் காதிலும் விழுந்ததுதான்.

பத்மாவதி விழவில்லை. தொலைபேசியை வாச்சரிடம் கொடுத்தாள். முப்பத்தைந்து வருடம் ஒருவர் பார்த்துச் சொன்ன நேரத்தில் வெளிக்கிட்டு, அவர் பார்த்துச் சொன்ன நேரத்தில் அடுப்பு மூட்டி வாழ்ந்தவள், அந்தக் கானோரமாகப் போய் நின்று காறித் துப்பினாள்.

“இராகு காலம் முடிய இன்னும் நேரம் கிடக்கோ பிள்ளை?”

“கிடக்கு மாமி. மூண்டு மணி ஆகேல்லை.”

“மாமாவுக்குக் கோல் எடு, மத்தியானப் பூசைக்குப் போனவர் இன்னும் கோயிலிலதான் நிப்பார், தம்பி சொல்லுறதுக்கு முதல் எடு. மோட்டர் ஓடிக்கொண்டிருக்கேக்கையே இஞ்ச வரச்சொல்லு. என்னைப் பக்கத்தில வைச்சுக்கொண்டு அந்தக் காசை எண்ணிக் குடுக்கட்டும், பாப்பம்.”

“மாமி, அண்டைக்கு ஒளிச்சு வந்தவர். நாங்கள் கூப்பிட்டால் இந்த நேரத்தில வெளிக்கிடவே மாட்டார்.”

“வெளிக்கிடுவார்.” பத்மாவதி மூக்கிலிருந்து சேலைத் தலைப்பை எடுத்துவிட்டாள். “பத்மாவதி செத்துப்போனாள் எண்டு சொல்லு. அதுக்கு ஒருத்தரும் நேரம் பாக்கிறேல்லை.”

சுபோதினி மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். அதில் விளையாட்டு இல்லை. இலக்கத்தை அழுத்தினாள். இரண்டாவது தரம் மணி அடிக்கும்போதே இரத்தினசிங்கம் எடுத்துவிட்டார்.